டட்லி கோட்டைக்கு அருகில்: 1712-ஆம் ஆண்டு நீரேற்று இயந்திரம் எங்கே நின்றது?

தாமஸ் பார்னி என்பவர் 1719-இல் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் கொதிகலன், அதன் மேல் நிமிர்ந்து நிற்கும் சிலிண்டர், சுவரின் மீது கிடக்கும் பெரிய மர உத்தரம், மறுபக்கம் சுரங்கத்துக்குள் இறங்கும் பம்புத் தண்டு. ஒவ்வோர் உறுப்புக்கும் எழுத்து இட்டு விளக்கமும் கொடுத்திருக்கிறார். தலைப்பு, ‘டட்லி கோட்டைக்கு அருகில் உள்ள நீராவி இயந்திரம்’. அதன் கீழே, கேப்டன் சேவரியும் நியூகோமெனும் கண்டுபிடித்தது, பின்னவர் 1712-இல் நிறுவியது என்று ஒரு குறிப்பு.

நீராவியைக் கொண்டு சுரங்கத் தண்ணீரை இறைத்த நியூகோமென் இயந்திரத்தைப் பற்றி எழுதும் எவரும் இந்தப் படத்தில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிறகு ‘அருகில்’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். எவ்வளவு அருகில்? யாருடைய சுரங்கம்? படம் வந்தது 1719-இல் என்றால், அதில் இருப்பது 1712-இல் நின்ற இயந்திரம்தானா? அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சாட்சிகளை ஒவ்வொருவராக விசாரித்த கதைதான் இந்த ஆய்வு.

ஆவணம் ஏன் குறைவு

தாமஸ் நியூகோமென் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், டார்ட்மத் துறைமுகத்தில் இரும்புச் சாமான் வணிகர். 1664-இல் பிறந்தவர், பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். கூட்டாளி ஜான் காலியும் அதே ஊர்க்காரர். நியூகோமெனின் உருவப்படம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. 1729-இல் லண்டனில் இறந்து பன்ஹில் ஃபீல்ட்ஸ் இடுகாட்டில் அடக்கமானார், எந்தக் குழி என்பதற்கு அடையாளம் இல்லை. தன் இயந்திரத்தைப் பற்றி அவரே எழுதிய விளக்க நூலும் கிடையாது.

இந்த வெறுமைக்குப் பெரிய காரணம் காப்புரிமை. தாமஸ் சேவரி 1698 ஜூலை 25-இல், நெருப்பின் விசையால் தண்ணீரை உயர்த்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 14 ஆண்டுகளுக்குக் கிடைத்ததை, 1699-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் மேலும் 21 ஆண்டுகள் நீட்டியது. 1733 வரை அந்தக் கதவு மூடியே இருந்தது. சேவரியின் கருவிக்கும் நியூகோமெனுடையதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. முன்னதில் பிஸ்டனே இல்லை. நீராவி தண்ணீரை நேரடியாக உறிஞ்சித் தள்ளியது. ஆனால் காப்புரிமையின் வாசகம் நெருப்பால் நீரேற்றும் எல்லா வழிகளையும் வளைத்துக்கொண்டது. ஆகவே நியூகோமென் சேவரியின் உரிமைக்குள்தான் தொழில் செய்ய வேண்டியிருந்தது. அவர் பெயரில் தனிக் காப்புரிமை எழவில்லை, அதற்குரிய காகிதங்களும் எழவில்லை. பார்னியின் தலைப்பில் சேவரியின் பெயர் முதலில் நிற்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அதைத் தொழில்நுட்ப வரலாறாகப் படிப்பதைவிட, யாருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதன் பதிவாகப் படிப்பது பொருத்தம்.

இயந்திரம் வேலை செய்த விதம்

சாட்சிகளை விசாரிக்கும் முன் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிணற்று ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. நடுவில் தாங்கிய ஒரு நீண்ட மரம், ஒரு முனை ஏறினால் மறு முனை இறங்கும். ஏற்றத்தில் ஆள் மிதித்த இடத்தில் இங்கே சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் சங்கிலியில் தொங்குகிறது. மறு முனையில் பம்புத் தண்டுகள். தண்டுகளின் எடையே அந்த முனையைக் கீழே இழுத்து, பிஸ்டனை மேலே தூக்கிவிடும். அப்போது கொதிகலனிலிருந்து நீராவி சிலிண்டருக்குள் நிறைகிறது. அந்த நீராவிக்கு வெளிக்காற்றை விடச் சற்றுத்தான் அழுத்தம் அதிகம். அது பிஸ்டனைத் தள்ளுவதில்லை. அடுத்து நீராவிக் குழாய் மூடி, குளிர்ந்த நீர் சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது. நீராவி சட்டென்று தண்ணீராகச் சுருங்க, உள்ளே வெற்றிடம். பிஸ்டனின் தலைமேல் நிற்கும் காற்று மண்டலம் அதைக் கீழே அமுக்குகிறது. மறு முனை எழுகிறது, சுரங்கத் தண்ணீர் ஏறுகிறது.

அந்தக் காலத்தில் சிலிண்டரைத் துல்லியமாகக் கடைந்தெடுக்க வழி இல்லை. பிஸ்டன் ஓரத்தில் தோல் வளையம் வைத்து, அதன் மேல் ஒரு பரப்புத் தண்ணீர் விட்டு வைத்தார்கள். காற்று புகுவதை அந்தத் தண்ணீர் தடுத்தது. இந்த ஒரு விவரத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு சாட்சியம் இதைச் சார்ந்துதான் நிற்கிறது.

மூன்று சாட்சிகளா, இரண்டா?

பார்னி முதல் சாட்சி. இரண்டாமவர் சுவீடன் நாட்டு மோர்டன் ட்ரீவால்ட். இவர் இங்கிலாந்தின் வடகிழக்கில் நியூகாசில் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களில் இவ்வகை இயந்திரங்களோடு வேலை செய்தவர். அங்கே ஜான் காலியின் மகன் சாமுவேலோடு சேர்ந்து உழைத்தார். 1726-இல் நாடு திரும்பி, டனமோரா இரும்புச் சுரங்கத்தில் 1728-இல் ஓர் இயந்திரம் எழுப்பினார். அது ஒழுங்காக ஓடாமல் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது, ஆனால் அதன் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1734-இல் அவர் சுவீடிஷ் மொழியில் எழுதிய சிறு நூலில், நியூகோமெனின் முதல் இயந்திரம் 1712-இல் ஸ்டாஃபர்ட்ஷயரில் டட்லி கோட்டையில் எழுந்தது என்கிறார். அளவுகளும் தருகிறார். சிலிண்டரின் விட்டம் 21 அங்குலம், உயரம் 7 அடி 10 அங்குலம். கொதிகலனின் விட்டம் 5 அடி 6 அங்குலம், உயரம் 6 அடி 1 அங்குலம், அதில் தண்ணீர் 4 அடி 4 அங்குலம். இயந்திரத்தின் ஒவ்வோர் அடிக்கும், அதாவது பிஸ்டன் ஒரு முறை ஏறி இறங்குவதற்கும், 10 கேலன் தண்ணீர்; ஆழம் 51 கஜம்; நிமிடத்துக்கு இப்படி 12 அடி.

பார்னியின் படத்திலும் அதே 10 கேலன், அதே 51 கஜம், அதே 12 அடி.

முதலில் இதைப் படித்தபோது மகிழ்ந்தேன். இரண்டு பேர், இரண்டு நாடுகள், ஒரே எண். இனி என்ன சந்தேகம் என்று குறிப்பேட்டில் ‘உறுதி’ என்றே எழுதிவிட்டேன். ஒரு வாரம் கழித்து அதை அடித்தேன். இயங்கும் ஒரு நீரேற்று இயந்திரத்தை வெவ்வேறு நாளில் இருவர் போய்ப் பார்த்து அளந்தால் எண்கள் இப்படி அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகாது. மழைக்காலத்தில் வேகம் கூடும், கோடையில் குறையும். ஒருவர் 11 என்பார், மற்றவர் 13 என்பார். மூன்று எண்களும் அப்படியே பொருந்துகின்றன என்றால், ட்ரீவால்டின் மேசையில் பார்னியின் படமோ அதிலிருந்து எடுத்த குறிப்போ இருந்திருக்க வேண்டும். அளவுகளைப் பொறுத்தவரை இவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு சாட்சிதான்.

ட்ரீவால்ட் தனியாகக் கொண்டுவரும் செய்தி வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாம் சாட்சி ஜான் தியோபிலஸ் டெசாகுலியே. லண்டனில் இயற்பியல் சொற்பொழிவுகளால் பெயர் பெற்றவர், ராயல் சொசைட்டி உறுப்பினர். அவருடைய நூலின் இரண்டாம் தொகுதி 1744-இல் வந்தது. நிகழ்ச்சி நடந்து 32 ஆண்டுகள் ஆகிவிட்டன. வாரிக்ஷயரைச் சேர்ந்த நில அளவையாளர் ஹென்றி பெய்ட்டன் அவருக்குப் பழக்கமானவர், இவ்வகை இயந்திரங்களைத் தானே கட்டியவர். அந்த வழியாகவும் செய்தி வந்திருக்கலாம். டெசாகுலியே சொல்வதன் சாரம்: நியூகோமெனும் காலியும் 1711-இன் பிற்பகுதியில் வாரிக்ஷயரின் கிரிஃப் சுரங்கத்துக்குத் தண்ணீர் இறைத்துத் தருவதாகக் கேட்டுப் பார்த்தார்கள், அங்கே எடுபடவில்லை. அடுத்து வந்த மார்ச் மாதத்தில், பிரோம்ஸ்குரோவ் ஊர்க்காரரான பாட்டரின் அறிமுகத்தால், வுல்வர்ஹாம்டன் பேக் என்பவருக்குத் தண்ணீர் இறைக்க ஒப்பந்தம் செய்தார்கள். அங்கே, பல முறை பாடுபட்ட பின், இயந்திரத்தை ஓட வைத்தார்கள்.

இவரை எவ்வளவு நம்பலாம்? டார்ட்மத் ஊரை இவர் சவுதாம்டன் மாவட்டத்தில் வைக்கிறார். அது டெவனில் இருக்கிறது. அவர்கள் இருவரும் தத்துவமும் கணிதமும் அறியாதவர்கள், தற்செயலாகத்தான் தேடியதைக் கண்டுகொண்டார்கள் என்றும் எழுதுகிறார். கைத்தொழில்காரரைப் படித்தவர் பார்க்கும் பார்வை இது, எனக்கு இதில் வருத்தம் உண்டு. 21 அங்குலச் சிலிண்டருக்கும் 51 கஜம் ஆழத்துக்கும் உள்ள பொருத்தத்தைப் பார்த்தால், செய்தவர்களுக்குக் கணக்கு கைவசம் இருந்தது தெரிகிறது. அதைக் கீழே காட்டுகிறேன். ஆனாலும் பேக், பாட்டர் என்ற பெயர்களை டெசாகுலியே கற்பனை செய்ய வேண்டிய தேவை எதுவும் இல்லை. மாவட்டத்தைத் தவறவிட்டவர் ஆட்களின் பெயரை யாரிடமோ கேட்டுத்தான் எழுதியிருக்கிறார். பிரோம்ஸ்குரோவில் பாப்டிஸ்ட் சபை இருந்தது, நியூகோமெனுக்கு அங்கே தொடர்பும் இருந்தது. பாட்டர் வழியாக அறிமுகம் என்ற செய்தி இதோடு இயல்பாகப் பொருந்துகிறது.

ஒரு சொல் செய்த குழப்பம்

இடத்தைப் பற்றிய நெடுநாள் வழக்கே டெசாகுலியேயின் ஒரு வாக்கிய அமைப்பில் பிறந்ததுதான். வுல்வர்ஹாம்டன் பேக்குக்காக ஒப்பந்தம் செய்தார்கள், ‘அங்கே’ ஓட வைத்தார்கள் என்கிறார். அந்த ‘அங்கே’ எதைக் குறிக்கிறது? வுல்வர்ஹாம்டன் ஊரையா, பேக்கின் சுரங்கத்தையா? ‘மதுரை முத்தையாவுக்கு வீடு கட்டிக் கொடுத்தோம்’ என்றால் வீடு மதுரையில்தான் என்று சொல்ல முடியாது. முத்தையா மதுரைக்காரர், வீடு மேலூரிலும் இருக்கலாம். முதல் இயந்திரம் வுல்வர்ஹாம்டனில் நின்றது என்று பிற்காலத்து நூல்கள் பல எழுதியதற்கு இந்த ஒரு சொல்தான் வேர். டட்லிக்கும் வுல்வர்ஹாம்டனுக்கும் இடையே சுமார் 6 மைல். அவ்வளவு தூரத்தில் இருப்பதைப் பார்னி ‘கோட்டைக்கு அருகில்’ என்று எழுதியிருக்க மாட்டார். அந்த 6 மைலுக்குள் எத்தனையோ சுரங்கங்கள் இருந்தன.

மாவட்ட எல்லையும் வழக்கைச் சிக்கலாக்குகிறது. டட்லி நகரம் அப்போது வூஸ்டர்ஷயரைச் சேர்ந்தது. ஆனால் சுற்றிலும் ஸ்டாஃபர்ட்ஷயர் சூழ்ந்த தீவு போலக் கிடந்தது. கோட்டை நின்ற குன்று ஸ்டாஃபர்ட்ஷயரில். நகரத்தை நினைத்து வூஸ்டர்ஷயர் ஆவணங்களைத் தேடுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. ட்ரீவால்ட், கோட்டையைச் சொல்லி ஸ்டாஃபர்ட்ஷயர் என்று சரியாக எழுதுகிறார். வெளிநாட்டவர் இதில் தவறாமல் எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்த வட்டாரத்தைத் தெரிந்தவர் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார் என்று தோன்றுகிறது.

சமகாலத்து அச்சுச் சான்று ஒன்றும் உண்டு. 1716 ஆகஸ்டில் ‘லண்டன் கெசட்’ இதழில் ஒரு விளம்பரம் வந்தது. நெருப்பின் விசையால் தண்ணீர் உயர்த்தும் கண்டுபிடிப்பு இப்போது முழுமை அடைந்துவிட்டது, ஸ்டாஃபர்ட், வாரிக், கார்ன்வால், ஃபிளிண்ட் ஆகிய மாவட்டங்களில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, வேண்டுவோர் புதன்கிழமைதோறும் பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை பர்ச்சின் சந்தில் உள்ள ‘ஸ்வார்ட் பிளேட்’ காபிக் கடைக்கு வந்து உரிமையாளர்களைக் காணலாம் என்று அதில் இருக்கிறது. இந்தத் தேடலில் என்னை மிகவும் நெகிழ வைத்த வரிகள் இவை. வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஒரு காபிக் கடை. நீராவித் தொழிலின் அலுவலகம் அவ்வளவுதான். ஸ்டாஃபர்ட் பட்டியலில் முதலில் நிற்பதும் பொருந்துகிறது. ஆனால் இடத்தை முடிவு செய்ய இது உதவாது, வுல்வர்ஹாம்டனும் ஸ்டாஃபர்ட்ஷயரில்தான் இருக்கிறது.

வழக்கை நகர்த்தியது உள்ளூர் ஆவணத் தேடல். டட்லி பிரபுவின் பண்ணையில், டிப்டன் பக்கம், கோனிகிரீ நிலக்கரி வயல் இருந்தது. கோட்டையிலிருந்து கூப்பிடு தூரம் இல்லை என்றாலும் நடந்து போகும் தூரம். இந்தப் பெயருக்கு முயல் வளர்க்கும் நிலம் என்று பொருள். இங்கிலாந்தில் இந்தப் பெயர் கொண்ட இடங்கள் நிறைய உண்டு, தேடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இந்தக் கோனிகிரீதான் 1712 இயந்திரத்தின் இடம் என்பதை உறுதிப்படுத்தி ஜே. எச். ஆண்ட்ரூவும் ஜே. எஸ். ஆலனும் 2009-இல் ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார்கள். இந்த முடிவோடு பார்னியின் ‘அருகில்’ பொருந்துகிறது, ட்ரீவால்டின் ஸ்டாஃபர்ட்ஷயர் பொருந்துகிறது, டெசாகுலியேயின் வுல்வர்ஹாம்டன் பேக்கும் மறுப்பு இல்லாமல் உள்ளே வந்துவிடுகிறார். பர்மிங்ஹாம் பக்கத்துக் கைவினைஞர்கள் பம்பு வால்வுகளைச் செய்ய உதவினார்கள் என்ற டெசாகுலியேயின் வரிக்கும் இடம் கிடைக்கிறது.

தேதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல், 1752-இல்தான் மாறியது. ஆகவே டெசாகுலியேயின் ‘அடுத்து வந்த மார்ச்’ நம் கணக்கில் 1712 மார்ச். பார்னியின் ‘1712’ என்பது நம் கணக்கில் 1713 மார்ச் 24 வரை நீளலாம். ஒப்பந்தத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையில் ஓராண்டு வரை இருந்திருக்க முடியும் என்று வைத்துக்கொண்டால், ‘பல முறை பாடுபட்ட பின்’ என்ற சொற்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

கார்ன்வாலில் வீல் வோர் என்ற தகரச் சுரங்கத்தில் இதற்கு முன்பே ஓர் இயந்திரம் நின்றது என்ற மரபுச் செய்தியும் உண்டு. அதன் பக்கம் பார்னியின் படத்தைப் போன்ற சான்று இல்லாததால் இந்த ஆய்வில் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

எண்களைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தினால்

பார்னியும் ட்ரீவால்டும் ஒரே சாட்சி என்று சொன்னேன். அந்த ஒரு சாட்சி உண்மை பேசுகிறதா என்பதை வேறு ஆளைத் தேடாமலே சோதிக்கலாம், இயற்பியல் இருக்கிறது. ஒரு மாலையில் உட்கார்ந்து இதைப் போட்டுப் பார்த்தேன்.

முதல் சிக்கல் கேலன். இன்று நாம் சொல்லும் பிரிட்டிஷ் கேலன் 1824-இல் வந்தது. 1712-இல் திரவங்களை அளக்க இரண்டு கேலன்கள் புழக்கத்தில் இருந்தன. திராட்சை மது கேலன் 231 கன அங்குலம், ஏறத்தாழ 3.79 லிட்டர். ஏல் என்ற பீர் வகைக்கான கேலன் 282 கன அங்குலம், ஏறத்தாழ 4.62 லிட்டர். பல நூல்கள் இந்த இயந்திரத்துக்கு ஐந்தரை குதிரைத்திறன் என்று எழுதிவிட்டுப் போகின்றன. அது எந்தக் கேலன் என்று சொல்வதில்லை.

51 கஜம் என்பது 46.6 மீட்டர். நிமிடத்துக்கு 12 அடி, ஒவ்வோர் அடிக்கும் 10 கேலன். மது கேலனாகக் கொண்டால் நிமிடத்துக்கு 454 லிட்டர், 4.6 குதிரைத்திறன். ஏல் கேலனாகக் கொண்டால் 554 லிட்டர், 5.7 குதிரைத்திறன். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் அல்ல, இரண்டில் ஏதோ ஒன்று.

அடுத்து, இந்த வேலையை அந்தச் சிலிண்டரால் செய்ய முடியுமா? 21 அங்குல விட்டம் என்றால் பிஸ்டனின் பரப்பு சுமார் 2,235 சதுர சென்டிமீட்டர். உள்ளே முழு வெற்றிடம் இருந்தால் காற்று அதை ஏறத்தாழ 2,300 கிலோ எடைக்குச் சமமாக அமுக்கும். சிலிண்டரின் உயரம் 7 அடி 10 அங்குலம் என்பதால் பிஸ்டனின் ஓட்டத்தை 6 அடி என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் 10 ஏல் கேலனை 51 கஜம் ஏற்றப் பிஸ்டனுக்குத் தேவையான இழுவை சுமார் 1,180 கிலோ. முழு வெற்றிடம் தரக்கூடியதில் பாதி. மது கேலன் என்றால் சுமார் 960 கிலோ, ஐந்தில் இரண்டு பங்கைவிடச் சற்று அதிகம். நியூகோமென் வகை இயந்திரங்கள் பிற்காலத்தில் நடைமுறையில் தாங்கிய சுமையும் ஏறத்தாழ அரை வளிமண்டலம்தான். உள்ளே மிஞ்சும் வெந்நீரின் ஆவி, கசியும் காற்று, உத்தரத்தின் உராய்வு எல்லாம் மீதியைத் தின்றுவிடும். யாராவது பெருமைக்காக 10 என்பதை 20 என்று எழுதியிருந்தால், 20 ஏல் கேலனுக்குத் தேவையான இழுவை 2,350 கிலோவைத் தாண்டி, முழு வெற்றிடத்தாலும் முடியாத காரியம் ஆகியிருக்கும். பொய் உடனே பிடிபட்டிருக்கும். பிடிபடவில்லை.

கொதிகலனையும் விடவில்லை. 5 அடி 6 அங்குல விட்டத்துக்கு 4 அடி 4 அங்குல உயரம் தண்ணீர் என்றால், நேரான உருளையாகக் கொண்டு சுமார் 2,915 லிட்டர். ட்ரீவால்ட் அதை 13 பீப்பாய் என்கிறார். ஹாக்ஸ்ஹெட் எனப்படும் அந்தப் பீப்பாயில் 48 ஏல் கேலன் பிடிப்பதாகக் கொண்டால் 13 பீப்பாய்க்கு 2,884 லிட்டர். 63 மது கேலன் என்று கொண்டால் 3,100 லிட்டர். கணக்கு ஏல் பக்கம் சாய்கிறது. பம்பின் 10 கேலனும் ஏல் கேலன்தான் என்று கொள்ள இது எனக்குப் போதும். ஐந்தரை குதிரைத்திறன் என்ற பழைய எண் பிழைத்துக்கொண்டது, ஆனால் இப்போது அதற்குக் காரணம் இருக்கிறது.

இந்த எண்கள் யாரோ இயந்திரத்தின் அருகில் நின்று, கோல் வைத்து அளந்த எண்கள். அடித்த ‘உறுதி’யை அளவுகளுக்கு மட்டும் மறுபடி எழுதிக்கொண்டேன்.

தற்செயல் என்ற கதை, இரண்டு வடிவங்களில்

சிலிண்டருக்குள்ளேயே குளிர்நீரைப் பீச்சும் வழி இந்த இயந்திரத்தின் உயிர். அதற்கு முன் சிலிண்டரை வெளியிலிருந்து குளிர்வித்தார்கள், அது மிக மெதுவானது. இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதில் ட்ரீவால்டும் டெசாகுலியேயும் வேறுபடுகிறார்கள்.

ட்ரீவால்ட் சொல்வது மாதிரி இயந்திரத்தைப் பற்றி. பத்து ஆண்டுகள் உழைத்தும் சரிவராத நிலையில், சிலிண்டரைச் சுற்றியிருந்த ஈய உறையில் குளிர்நீர் விட்டிருந்தார்கள். சிலிண்டரில் ஒரு குறை இருந்தது, அதைத் தகரப் பற்றாசு வைத்து அடைத்திருந்தார்கள். நீராவியின் சூட்டில் பற்றாசு உருகி, குளிர்நீர் உள்ளே பாய்ந்தது. பிஸ்டன் இறங்கிய வேகத்தில் சங்கிலி அறுந்து, சிலிண்டரின் அடிப்பாகமும் கொதிகலனின் மூடியும் நொறுங்கி, வெந்நீர் நாலா பக்கமும் ஓடியது.

டெசாகுலியே சொல்வது ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைப் பற்றி. திடீரென்று சில அடிகள் மிக விரைவாக விழுந்தன. தேடிப் பார்த்தால் பிஸ்டனில் ஓர் ஓட்டை; அதன் மேல் நின்ற தண்ணீர் உள்ளே இறங்கி நீராவியைச் சுருக்கியிருக்கிறது. பிஸ்டன் மேல் தண்ணீர் விட்டு வைப்பார்கள் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான்.

எது உண்மை? ட்ரீவால்ட் காலியின் மகனோடு பழகியவர். குடும்பத்துக்குள் சொல்லி வந்த கதை அவரிடம் வந்திருக்கலாம். பற்றாசு, ஈய உறை, அறுந்த சங்கிலி என்று பட்டறை வாசனை அடிக்கும் விவரங்கள் அதில் இருக்கின்றன. டெசாகுலியேயின் வடிவம் இயந்திரத்தின் அமைப்போடு இசைகிறது. இரண்டிலும் ஒரு கசிவும் ஓர் எதிர்பாராத வேகமும் இருக்கின்றன. என் முடிவு, கசிவு நடந்தது, இடம்தான் நினைவில் நகர்ந்துவிட்டது. கசிவைக் கண்டவுடன் அதை அடைக்காமல், வேண்டுமென்றே திறக்கும் குழாயாக மாற்ற வேண்டும் என்று எண்ணியவர்களைத் தற்செயல்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விளையாடப் போன பையன்

ஹம்ஃப்ரி பாட்டர் என்ற பையனின் கதையைப் பள்ளிப் பாடத்தில் படித்தவர்கள் இருப்பார்கள். வால்வுகளைத் திறந்து மூடும் வேலை சலித்துப்போய், விளையாடப் போவதற்காகக் கைப்பிடியை ஒரு கயிற்றால் உத்தரத்தோடு கட்டிவிட்டானாம், இயந்திரம் தானே ஓடத் தொடங்கியதாம். விளையாட்டு என்ற இந்தப் பகுதி ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதியது. அவர் பையனின் பெயரைச் சொல்லவில்லை. பெயர் டெசாகுலியேயிடம் இருக்கிறது, ஆனால் அங்கே விளையாட்டு இல்லை. பிறகு வந்தவர்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

டெசாகுலியேயை நிதானமாகப் படித்தால், பையன் வருவதற்கு முன்பே இயந்திரம் பாதி தானியங்கிதான். ஒரு குழாய்க்குள் மிதவை இருந்தது. நீராவி வலுக்கும்போது அது எழுந்து குளிர்நீர்க் குழாயைத் திறந்துவிடும். அப்போது நிமிடத்துக்கு 6, 8 அல்லது 10 அடி. பாட்டர் ஒரு கொக்கி சேர்த்து, உத்தரமே அதைத் திறக்கும்படி செய்தான், அது 15, 16 ஆனது. கொக்கியும் கயிறும் சிக்கலாக இருந்ததால் பெய்ட்டன் 1718-இல் நியூகாசிலில் கட்டிய இயந்திரத்தில் அவற்றை எடுத்துவிட்டு ஒழுங்கான அமைப்பு வைத்தார். ஆகப் பாட்டரின் பங்கு, ஓடாததை ஓட வைத்தது இல்லை; மெதுவாக ஓடியதை வேகமாக்கியது.

நடைமுறையை நினைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 12 அடி என்றால் ஓர் அடிக்கு 5 நொடி. அந்த 5 நொடிக்குள் நீராவிக் குழாயைத் திறந்து மூட வேண்டும், குளிர்நீர்க் குழாயைத் திறந்து மூட வேண்டும். பத்து மணி நேர வேலையில் 7,200 முறை. ஒரு முறை வரிசை தவறினால் பிஸ்டன் தன் போக்கில் மோதும். பார்னியின் படத்தில் உத்தரத்திலிருந்து ஒரு தண்டு தொங்கி வால்வுகளை இயக்குவது தெளிவாக இருக்கிறது. அந்தப் படம் 1719-ஐச் சேர்ந்தது, ஆகவே 1712-இல் முதல் நாளே அது இருந்தது என்று படத்தை வைத்து வாதாட முடியாது. ஆனால் கையால் மட்டுமே இயக்கிய இயந்திரம் ஒரு சுரங்க முதலாளிக்கு நாள்தோறும் தண்ணீர் இறைத்துக் கொடுத்தது என்பதை நம்ப மேலே உள்ள கணக்கு விடாது.

இன்று

பார்னியின் படத்தை ஆதாரமாகக் கொண்டு டட்லியில் உள்ள பிளாக் கன்ட்ரி அருங்காட்சியகத்தில் முழு அளவு மாதிரி ஒன்றைக் கட்டி 1986-இல் ஓட வைத்தார்கள். செங்கல் கட்டடம், சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் மர உத்தரம், இரு முனையிலும் பிறை போல வளைந்த தலைகள், அவற்றின் மேல் படிந்து இறங்கும் சங்கிலிகள். சங்கிலி இழுக்க மட்டுமே உதவும், தள்ள உதவாது. காற்று ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும் இந்த இயந்திரத்துக்கு அது போதும். வளைந்த தலை சங்கிலியை எப்போதும் நேர்க்கோட்டில் வைத்திருக்கிறது, அதனால் பிஸ்டன் சிலிண்டரின் சுவரில் உரசிச் சாய்வதில்லை. படத்தில் ஒரு கோடாகத் தெரியும் அந்த வளைவின் தேவை, அது அசைவதைப் பார்க்கும்போது விளங்குகிறது.

அருங்காட்சியகத்திலிருந்தும் கோட்டைக்கு நடந்து போய்விடலாம். 1719-இல் பார்னி எழுதிய தலைப்பை ஒரு சொல்லும் மாற்றாமல் இந்த இரண்டாவது இயந்திரத்தின் மேலும் எழுதி வைக்கலாம்.